இடுப்பில் மறைத்துவைக்க, ரெட் டாட் பொருத்தும் சின்னத் துப்பாக்கி: வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

ஹூஸ்டனில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 46. கிரீன் கார்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மனைவி நடத்தும் கடையை இரவு பத்தரைக்குப் பூட்டிவிட்டு, வெளிச்சம் போதாத பார்க்கிங்கைத் தாண்டி காருக்கு வரவேண்டும். கிளாக் 43எக்ஸ் எம்ஓஎஸ், சிக் சாவர் பி365 எக்ஸ்எல், ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட் ப்ரோ என்று மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். மூன்றும் ரெட் டாட் (குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் சின்ன மின்கருவி) பொருத்த வசதியாக ஸ்லைடு (சுடும்போது முன்பின் நகரும் மேல்பகுதி) வெட்டி வருபவை. "எதை வாங்கலாம்?" என்பது அவர் எழுதிய கேள்வி. ஆனால் கடைசி வரியில், "கண்ணாடி போடுகிறவன், துப்பாக்கி நுனியில் இருக்கும் முன்குறி மங்கலாகத் தெரிகிறது, இந்தச் சிவப்புப் புள்ளி உண்மையில் உதவுமா?" என்றும் கேட்டிருக்கிறார். எனக்கு அதுதான் நிஜமான கேள்வியாகப் படுகிறது. இவ்வளவு சின்னத் துப்பாக்கியில் ஒரு மின்கருவியை ஏற்றி, உயிர் போகிற நேரத்தில் அதை நம்பலாமா, அதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்கிறார். டெக்சாஸில் பன்னிரண்டு வருடமாகத் துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கிறேன். வார இறுதிகளில் சுடுதளத்தில் பாதுகாப்பு பார்க்கும் வேலையும் உண்டு. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது அங்கேதான். கிரீன் கார்டு உள்ளவர் உரிமம் பெற்ற கடையில் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து வாங்கலாம். கைத்துப்பாக்கி என்றால் வயது 21 ஆகியிருக்க வேண்டும். எச்1பி, எச்4, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குக் கூட்டாட்சிச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவற்றை நம்பி இறங்கும் முன் வக்கீலைப் பாருங்கள். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயதானவர், சட்டத் தடை எதுவும் இல்லாதவர், உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் மாநில உரிமத்தை எடுத்துவிடுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்கிற கூட்டாட்சிச் சட்டத்திலிருந்து அந்த மாநில உரிமம் உங்களுக்கு விலக்குத் தரும். பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. இன்னொன்று: குடியுரிமை இன்னும் வாங்காதவர் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால், நாடு கடத்தப்படவே அது காரணமாகலாம். எனவே துப்பாக்கியோடு உள்ளே வரக்கூடாது என்று சொல்லும் 30.05, 30.06 பலகை கடை வாசலில் இருந்தால் அதை மதியுங்கள். நான் வக்கீல் இல்லை. உங்கள் நிலைமைக்கு ஏற்ற விவரத்தை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். மூன்றுமே 9 எம்எம், மூன்றுமே ஏறக்குறைய ஒரே தடிமன். குழல் கிளாக்கில் 3.41 அங்குலம், மற்ற இரண்டிலும் 3.7. தோட்டா அடுக்கும் மேகசினில் கிளாக்குக்கு 10, சிக்குக்கு 12, ஹெல்கேட் ப்ரோவுக்கு 15 தோட்டா. கடையில் எல்லோரும் இந்த எண்களைத்தான் ஒப்பிடுவார்கள். நான் பார்க்கச் சொல்வது பிடியின் உயரத்தை. சட்டைக்கு அடியில் துருத்திக்கொண்டு காட்டிக்கொடுப்பது குழல் இல்லை, பிடி. குழல் இடுப்புக்குள் இறங்கிவிடும், பிடிதான் வெளியே நிற்கும். கிளாக் 43எக்ஸ் மெலிந்ததுதான், ஆனால் உயரத்தில் அது பெரிய அண்ணன் கிளாக் 19க்குச் சமம். சிக் அதைவிடக் கொஞ்சம் குட்டை. அதே சமயம் பிடி மிகச் சின்னதாகிவிட்டால் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும், ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கி உள்ளங்கையில் நகரும். எனவே கையில் எடுத்ததும் மூன்று விரலும் முழுதாக அமர்கிறதா, பிடியை மாற்றாமலே கட்டைவிரல் மேகசின் பொத்தானை எட்டுகிறதா, சுட்டுவிரலின் நுனி ட்ரிக்கரில் இயல்பாக விழுகிறதா என்று பாருங்கள். நம் ஊர்க் கைகள் பலவும் சின்னவை. தடித்த பிடியை எட்டிப் பிடிக்கிற கை, ட்ரிக்கரை அழுத்தும்போது துப்பாக்கியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும்.

வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துச் சுடுங்கள். ஹூஸ்டன் பக்கம் வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளங்கள் நிறைய உண்டு. ஒவ்வொன்றிலும் 50 குண்டு போதும். மூன்று யார்டு, ஏழு யார்டு, பதினைந்து யார்டு என்று போங்கள். டெக்சாஸ் உரிமத் தேர்விலும் இதே தூரங்கள்தான்: 50 குண்டு, 250 மதிப்பெண், தேற 175 வேண்டும். எந்தத் துப்பாக்கி அழகாக இருந்தது என்று பார்க்காதீர்கள். ஐம்பதாவது குண்டிலும் கை வலிக்காமல், பிடி மாறாமல், அடுத்த பெட்டியைத் திறக்கத் தோன்றியது எது என்று பாருங்கள். 20 அவுன்ஸ் சுற்றி எடையுள்ள துப்பாக்கி 9 எம்எம் குண்டோடு கையில் நன்றாகவே உதைக்கும். சுட வலிக்கிற துப்பாக்கியை யாரும் பயிற்சிக்கு எடுத்துப் போவதில்லை என்பதை நான் பல தடவை பார்த்துவிட்டேன்.

இனி ஆப்டிக் ரெடி, அதாவது ரெட் டாட் பொருத்தத் தயார் என்கிற வார்த்தை. ஸ்லைடின் மேல்பகுதியைக் குடைந்து, ஸ்க்ரூவுக்குத் துளை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எந்த ரெட் டாட்டும் உட்கார்ந்துவிடும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அடித்தளத்தின் அளவு, ஸ்க்ரூ துளையின் இடம், உதையைத் தாங்கும் சிறு முளைகள் எல்லாம் சேர்ந்ததை ஃபுட்பிரிண்ட் என்பார்கள். பெரிய துப்பாக்கிகளில் ட்ரிஜிகான் நிறுவனத்தின் ஆர்எம்ஆர் என்கிற ரெட் டாட்டின் ஃபுட்பிரிண்ட் பரவலாக இருக்கிறது. நீங்கள் பார்க்கும் இந்த மெல்லிய துப்பாக்கிகளில் ஷீல்டு நிறுவனத்தின் ஆர்எம்எஸ்சி, அல்லது அதன் சாயல்கள். சாயல் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். ஹோலோசன் 507கே என்கிற ரெட் டாட்டும் அதே குடும்பம்தான், ஆனால் சிறிது மாற்றியது. ஸ்லைடில் பின்பக்க முளைகள் இருந்தால் அது நேராக உட்காராது, இடையில் ஒரு தகடு வேண்டும். தகடு வந்தால் உயரம் கூடும், ஸ்க்ரூவும் கூடும். ஒவ்வொரு இணைப்பும் தளர்ந்துபோக இன்னொரு வாய்ப்பு. எனவே தகடு இல்லாமல் நேரடியாக ஸ்லைடில் அமரும் ஜோடியைத் தேடுங்கள். துப்பாக்கியை முடிவு செய்த பிறகு ரெட் டாட்டைத் தேடாதீர்கள். இரண்டையும் ஒன்றாக வைத்து முடிவு செய்யுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதன்முதலில் ரெட் டாட் வைத்தபோது கடையிலேயே பொருத்திக் கொடுத்தார்கள். நானும் நம்பி எடுத்து வந்தேன். சுமார் 300 குண்டு போனதும் குறி கொஞ்சம் கொஞ்சமாக இடதுபக்கம் நகர்ந்தது. என் ட்ரிக்கர் விரலில்தான் தப்பு என்று இரண்டு வாரம் என்னையே திருத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் துடைக்கும்போது கருவியே விரலுக்கு ஆடியது. ஸ்க்ரூவில் பசை போடவே இல்லை. இப்போது நானே பொருத்துகிறேன். துளையிலும் ஸ்க்ரூவிலும் எண்ணெய் இல்லாமல் துடைப்பேன். நீலநிற ஸ்க்ரூ பசை ஒரு துளி. இறுக்கத்தை அங்குல-பவுண்டில் காட்டும் சின்ன டார்க் திருப்புளியால், கருவியைச் செய்தவர் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குவேன். பெரும்பாலும் அது 12 முதல் 15க்குள் வரும், ஆனால் உங்கள் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. பிறகு ஒரு இரவு முழுக்கக் காயவிடுவேன். ஸ்க்ரூ தலையிலிருந்து உடல் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. கோடு உடைந்திருந்தால் ஸ்க்ரூ திரும்பியிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

கண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். சாதாரணக் குறியில் பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றையும் கண் ஒன்றாக்க வேண்டும், கூர்மை முன்குறியில் நிற்க வேண்டும். நாற்பதைத் தாண்டிய கண்ணால் கை நீளத்தில் இருக்கும் பொருளில் அவ்வளவு எளிதாக நிற்க முடியாது. ரெட் டாட்டில் கண் இலக்கிலேயே இருக்கும், புள்ளி அதன் மேல் மிதக்கும். உங்கள் வயதில் இது உறுதியான உதவி, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் 47வது வயதில் மாறிய பிறகு பதினைந்து யார்டில் என் குண்டுகள் விழும் வட்டம் கண்ணெதிரே சுருங்கியது. ஆனால் கண்ணில் அஸ்டிக்மாட்டிசம் (கண்ணின் வளைவு சீராக இல்லாத பார்வைக் குறை) இருந்தால் புள்ளி வட்டமாகத் தெரியாது. வால் நட்சத்திரம் போல, சிதறிய மத்தாப்பு போலத் தெரியும். கடையில் கருவியை வாங்கி, பின்னாலிருந்து கைபேசியால் ஒரு படம் எடுங்கள். படத்தில் வட்டமாகவும் உங்களுக்குச் சிதறியும் தெரிந்தால் கோளாறு கண்ணில்தான், கருவியில் இல்லை. வெளிச்சத்தைக் குறையுங்கள், கண்ணாடியைப் போட்டுப் பாருங்கள், பச்சைப் புள்ளியையும் முயன்று பாருங்கள். சிலருக்கு அது தெளிவாக இருக்கிறது. புள்ளியின் அளவை எம்ஓஏ என்பார்கள். ஒரு எம்ஓஏ என்பது நூறு யார்டில் சுமார் ஒரு அங்குலம். 6 எம்ஓஏ புள்ளி பத்து யார்டில் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல்தான் மறைக்கும். பார்க்கிங் தூரத்துக்கு அது தாராளம், கண்ணிலும் சட்டென்று படும்.

எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது ஒரே விஷயத்துக்கு. துப்பாக்கியை உருவி, கண்ணுக்கு நேரே கொண்டுவரும்போது அந்தக் கண்ணாடிச் சில்லுக்குள் புள்ளி இருக்கிறதா? புதிதாக வருகிற பத்துப் பேரில் பெரும்பாலோருக்கு முதல் நாள் இருக்காது. மணிக்கட்டை ஆட்டிப் புள்ளியைத் துழாவுவார்கள். சாதாரணக் குறியில் மணிக்கட்டு கொஞ்சம் கோணினால் முன்குறி எங்கே போனது என்று கண்ணுக்குத் தெரியும், திருத்திவிடலாம். ரெட் டாட்டில் புள்ளி காணாமலே போய்விடும், எந்தப் பக்கம் போனது என்றும் தெரியாது. சின்னத் துப்பாக்கியில் கண்ணாடியும் சின்னது, பிடியும் சின்னது, எனவே சிக்கல் இரட்டிப்பு. இங்கேதான் துப்பாக்கியை மதிப்பிட வேண்டும். கடைக்காரரிடம் கேட்டு, துப்பாக்கி காலி என்று இருவரும் பார்த்து உறுதி செய்துகொண்டு, பாதுகாப்பான திசையில் கண்ணை மூடி உயர்த்துங்கள். உயர்த்திய பின் கண்ணைத் திறங்கள். பத்து தடவை செய்து பாருங்கள். எந்தத் துப்பாக்கியில் அதிக தடவை புள்ளி தானாக அங்கே இருந்ததோ, அதன் பிடிக்கோணம் உங்கள் கைக்குப் பொருந்துகிறது. மூன்று துப்பாக்கிகளுக்கும் நடுவில் உங்களுக்கு மிகப் பெரிய வேறுபாட்டை இந்தச் சோதனை காட்டும்.

வாங்கிய பிறகு வீட்டில் தோட்டா இல்லாத பயிற்சி, தினமும் பத்து நிமிடம். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்க வேண்டும். அறையில் யாரும் கூடாது, குறி வைக்கும் சுவருக்குப் பின்னாலும் யாரும் இருக்கக் கூடாது. முடித்ததும் "முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று தோட்டா போட்ட பிறகு திரும்புகிறவர்களால்தான் வீட்டுச் சுவரில் ஓட்டை விழுகிறது. இரண்டு மாதம் விடாமல் செய்தவர்களுக்குப் புள்ளி தானாக வரும். செய்யாதவர்களிடம் நான் தயங்காமல் சொல்வேன், ரெட் டாட் வேண்டாம், நல்ல சாதாரணக் குறியே போதும்.

ஹூஸ்டனின் ஆகஸ்ட் மாதத்தையும் கணக்கில் எடுங்கள். இடுப்பில் வைத்தால் வியர்வை, பனியன் பஞ்சு, தூசி எல்லாம் திறந்த வகைக் கருவியின் உள்ளே போய், ஒளி உமிழும் இடத்தை மறைக்கும். மூடிய வகையில், உதாரணமாக ஏய்ம்பாயிண்ட் ஆக்ரோ, ஹோலோசன் இபிஎஸ் கேரி போன்றவற்றில், இந்தத் தொல்லை குறைவு. கொஞ்சம் தடிமன், விலையும் அதிகம். வெளிச்சத்தைத் தானாக மட்டுமே மாற்றிக்கொள்ளும் கருவியை நான் தவிர்ப்பேன். நீங்கள் இருட்டில் நின்று வெளிச்சத்தில் இருப்பவரைப் பார்த்தால் அது உங்கள் இருட்டுக்கு ஏற்பப் புள்ளியை மங்கச் செய்துவிடும். பேட்டரியைக் கருவியைக் கழற்றாமல் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். கழற்றி மாட்டினால் குறியை மறுபடி சரிபார்க்க வேண்டும். நான் ஆயுத பூஜை அன்று பேட்டரியை மாற்றுகிறேன், ஸ்க்ரூ கோடுகளைப் பார்க்கிறேன், துடைத்துப் பொட்டு வைக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை என்பது அப்படி மறக்காமல் நடக்கிறது. கருவி செத்துப்போனால் அதன் கண்ணாடி வழியாகவே முன்குறி தெரியுமா என்பதும் முக்கியம். தாழ உட்காரும் கருவியில் தெரியும், தகடு போட்டதில் பெரும்பாலும் தெரியாது.

துப்பாக்கி உறைக்கு, அதாவது ஹோல்ஸ்டருக்கு, பணம் மிச்சம் பிடிக்காதீர்கள். ட்ரிக்கர் வளையத்தை முழுதாக மூடும் கெட்டியான கைடெக்ஸ் பிளாஸ்டிக் ஹோல்ஸ்டர், ரெட் டாட்டுக்கு இடம் விட்டு வெட்டியது, கூடவே விறைப்பான பெல்ட். நீங்கள் கேட்ட மூன்றும் ஸ்ட்ரைக்கர் வகை, வெளியே சுத்தியல் இல்லாதவை. விரலோ சட்டை நுனியோ ட்ரிக்கரை அழுத்தினால் சுடும். உருவும்போது நடப்பதைவிட, திரும்ப உள்ளே வைக்கும்போதுதான் விபத்துகள் அதிகம் நடப்பதாக என் அனுபவம். சட்டையை விலக்கி, கண்ணால் பார்த்து, மெதுவாக வையுங்கள். அதில் யாரும் உங்களை அவசரப்படுத்தப் போவதில்லை.

எடுத்துச் செல்ல ஆரம்பிக்கும் முன் என் கணக்கு இது: பயிற்சிக் குண்டு 300, அதன் பிறகு இடுப்பில் வைக்கப்போகும் அதே ஹாலோ பாயிண்ட் (முனையில் குழி உள்ள) குண்டு 100, எல்லா மேகசின்களிலும் மாற்றி மாற்றி. அந்த நூறில் ஒரு தடவை சிக்கினாலும் காரணம் தெரியாமல் நான் அதை நம்பமாட்டேன். எஃப்பிஐ சோதனையில், உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குலம் ஊடுருவுவதைத்தான் தேவை என்று வைத்திருக்கிறார்கள். 1986 மயாமி துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு வந்த அளவுகோல் அது. ஃபெடரல் எச்எஸ்டி, ஸ்பியர் கோல்டு டாட் என்கிற குண்டுகள் இரண்டும் நல்ல பெயர் உள்ளவை. உங்கள் துப்பாக்கி எதைச் சிக்காமல் விழுங்குகிறதோ அதை எடுங்கள். குறியைப் பதினைந்து யார்டில் சரிசெய்தால், புள்ளி குழலுக்கு ஓர் அங்குலம் மேலே இருப்பதால் மூன்று யார்டில் குண்டு முக்கால் அங்குலம் தாழ விழும். பதற வேண்டாம், அது கணக்குப்படிதான்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உறுதியானது. இனி உறுதியில்லாதது. மூன்று, ஐந்து யார்டில் ரெட் டாட் வேகம் கூட்டுகிறது என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். என் மாணவர்களிடம் அந்தத் தூரத்தில் பெரிய வித்தியாசம் நான் பார்க்கவில்லை, பத்து யார்டைத் தாண்டினால்தான் பார்த்திருக்கிறேன். 10 தோட்டாவா 15ஆ என்பதும் அப்படித்தான். கூட இருந்தால் நல்லது, ஆனால் பிடி பொருந்தாத 15ஐவிடப் பொருந்தும் 10ஐ நான் எடுப்பேன். என்னை யாரும் பார்க்கிங்கில் மடக்கியதில்லை, மனிதன் மேல் நான் சுட்டதில்லை. அந்தக் கணத்தில் என்ன நடக்கும் என்பதை நான் என் அனுபவமாகச் சொல்ல முடியாது. இடதுகைக்காரர்களுக்கும் என் ஆலோசனை குறைவானதுதான்.

நேரடியாகக் கேட்டால், கண்ணை மூடி உயர்த்தும் சோதனையில் மூன்றும் சமமாக வந்தால் நான் உங்களுக்கு ஹெல்கேட் ப்ரோவைச் சொல்வேன், பிடி முழுதாக இருப்பதாலும் 15 தோட்டா இருப்பதாலும். கை சின்னதாக இருந்தால், அல்லது சட்டை மெலிதாக இருந்தால், பி365 எக்ஸ்எல். இதற்கெல்லாம் முன்பாக ஒரு நல்ல டார்ச் வாங்குங்கள், கட்டட உரிமையாளரிடம் பார்க்கிங் விளக்கைக் கேளுங்கள், பூட்டும்போது இரண்டு பேராகக் கிளம்புங்கள். வேண்டியதைப் பையோடு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட முடிகிற இரவில் துப்பாக்கி உள்ளேயே இருக்கட்டும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இடுப்பில் இல்லாத நேரமெல்லாம் அது பூட்டுப்பெட்டிக்குள் இருக்க வேண்டும். சுடத் தயாரான துப்பாக்கி 17 வயதுக்குக் கீழான பிள்ளைக்கு எட்டும்படி விடுவது டெக்சாஸில் குற்றம். சுடுதளத்துக்கு எடுத்துப்போகும் பையை அதற்கு மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். அதில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவோடு சென்னை விமான நிலையத்தில் இறங்கினால், ஆயுதச் சட்டம் 1959ன் கீழ் வழக்காகிவிடும், விடுமுறை முழுவதும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டியிருக்கும். என் பையில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறேன், ஊருக்குப் போகும்போது வீட்டில் யாரும் தவறிக்கூட அதில் துணி அடுக்கிவிடக் கூடாது என்று.